போரான் எங்கே போறான்?

1

எங்கள் குடியாத்தம் பெண்கள் பள்ளியின் பழைய மாணவிகள் மலரில் அயல்நாட்டில் இருப்பவர்களுக்கென்று சில பக்கங்கள் ஒதுக்குவார்கள். போன வருஷம் ஒருத்தி தன் கொல்லைக் கீரையைக் கங்காரு தின்றுவிட்டதைப் பற்றி எழுதியிருந்தாள். இன்னொருத்தி கனடாவில் பனியை வாரிக் கொட்டியதில் முதுகு பிடித்துக்கொண்டதைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தாள். இந்த வருஷம் மலர்க் குழுவிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். "வசந்தா, நீயும் வெளியதான இருக்க, எதுனா எழுதிக் குடு."

நான் வெளியேதான் இருக்கிறேன். பெங்களூரில், பீன்யா பக்கத்தில். குடியாத்தத்தில் ரயில் ஏறினால் மூன்று மணி நேரம். கட்டிக்கொண்டு வந்த புளிசாதம் கெட்டுப்போவதற்குக்கூட நேரம் இல்லை. என்னிடம் பனியும் இல்லை, கங்காருவும் இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லை. ஆனாலும் எழுத ஒப்புக்கொண்டேன். இந்த மாதத்தோடு நான் இங்கே வந்து இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. எழுதுவதற்கு ஒரு சங்கதியும் கைவசம் இருக்கிறது.

புலம்பெயர்ந்தவர் யார் என்பதற்கு நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். ஊருக்குப் போனால் தெருமுனையிலேயே ஒருவர் "எப்ப வந்த?" என்று கேட்பார். பதில் சொல்லி வாயை மூடுவதற்குள் "எப்ப போற?" என்பார். இந்த இரண்டு கேள்வியும் ஒரே மூச்சில் எவரிடம் கேட்கப்படுகிறதோ அவர் புலம்பெயர்ந்தவர். தூரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஊரில் என்னை 'பெங்களூர் போனவ' என்கிறார்கள். இங்கே பக்கத்து வீட்டில் 'தமிழ்நாடிந்த பந்தவரு' என்கிறார்கள், அங்கிருந்து வந்தவர் என்று. ஒரே ஆள் அங்கே போனவள், இங்கே வந்தவள். இருப்பவள் என்று சொல்ல இரண்டு ஊரிலும் ஆள் இல்லை.

இதில் என் தப்பும் ஒன்று உண்டு. கல்யாணமாகி மூன்றாம் நாள் குடியாத்தம் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். அழுத அழுகையில் "போறேம்மா" என்று சொல்லிவிட்டேன். நம் ஊரில் கியாஸ் சிலிண்டர் போட வருகிறவர்கூடப் "போயிட்டு வரேம்மா" என்றுதான் சொல்வார். வெறும் போறேன் ஆகாது. அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். "வரேன்னு சொல்லுடி, வரேன்னு சொல்லு" என்றாள். நான் மூக்கைத் துடைத்து நிமிர்வதற்குள் ரயில் போய்விட்டது.

அன்றிலிருந்து என் வாழ்க்கையில் எது கோணலானாலும் அம்மாவுக்குக் காரணம் தயார். என் மகள் நிலா பிறந்து மஞ்சள் காமாலை வந்ததற்கும், என் முட்டிவலிக்கும், போன இரண்டு பொங்கலுக்கு லீவு கிடைக்காமல் ஊருக்குப் போகாததற்கும் அதே காரணம்தான். "வரேன்னு சொல்லாம போனவதானே நீ?"

2

இங்கே என் அன்றாடம் எளிமையானது. பீன்யாவில் வால்வு செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் என் பொறுப்பு. காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஐந்தரைக்கு வெளியே வருவேன். என் கணவர் சுந்தரத்துக்கு அலுவலகம் வைட்ஃபீல்டில். அவர் அங்கே வேலை பார்க்கிறார், போகிற வழியில் வசிக்கிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களை வந்து பார்க்கிறார் என்று சொன்னால் சரியாக இருக்கும்.

கன்னடம் எனக்கு அடிபட்டு வந்த மொழி. சேர்ந்த முதல் வாரம் மேற்பார்வையாளர் போல்ட் எண்ணிப் போடச் சொன்னார். நான் போட்டுக்கொண்டே இருந்தேன். அவர் "சாக்கு, சாக்கு" என்றார். நான் ஓடிப்போய் இரண்டு கோணிப்பை கொண்டுவந்தேன். அவர் இன்னும் பலமாக "சாக்கு, சாக்கு" என்றார். நான் இன்னும் நாலு கொண்டுவந்தேன். அங்கே 'சாக்கு' என்றால் போதும் என்று அர்த்தம். இன்றுவரை பழைய ஆட்கள் என்னை 'கோணி மேடம்' என்றுதான் சொல்கிறார்கள், முதுகுக்குப் பின்னால், எனக்குக் கேட்கும்படி.

என் மகள் நிலாவுக்குப் பதினைந்து வயது. அவளுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. கனவுகூடக் கன்னடத்தில்தான் காண்கிறாள் என்று நினைக்கிறேன். என் அம்மாவை 'அஜ்ஜி' என்று கூப்பிடுவாள். "யாருடி அஜ்ஜி? ஆயான்னு கூப்புடுடி" என்று போனில் அம்மா கத்துவாள். "ஆய்து அஜ்ஜி" என்பாள் இவள், சரி என்று அர்த்தம். தமிழில் பிறந்தநாள் வாழ்த்து எழுதச் சொன்னால் கன்னட எழுத்தில் எழுதிக் கொடுக்கிறாள். நான் அதை எழுத்துக்கூட்டிப் படித்துக் கண் கலங்குவதற்குள் கேக் முடிந்துவிடுகிறது.

நான்காவது ஆள் என் தம்பி குணசேகரன், குணா. முப்பத்தாறு வயது. பதினோரு வருஷமாக இங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறான். எங்களோடுதான் இருக்கிறான். இந்தக் கட்டுரை அவனைப் பற்றியதுதான், நான் சுற்றி வளைத்து வந்ததற்கு மன்னிக்கவும்.

குணா செய்வது போரான். சோப்புத் தூளிலும் வெண்காரத்திலும் இருக்கிற தனிமம்தான். பள்ளியில் நம் வேதியியல் டீச்சர் வேகமாகத் தாண்டிப்போன அந்தக் கட்டம். போரானுக்குக் கடைசிக் கூட்டில் மூன்றே மூன்று எலக்ட்ரான். அதனால் அது எப்போதும் பற்றாக்குறையில் இருக்கும் ஆசாமி. பக்கத்துக் கட்டத்துக் கார்பனுக்கு நான்கு. இரண்டு கார்பன் சேர்ந்து இரட்டைப் பிணைப்பு, முப்பிணைப்பு போட்டுக்கொள்வது தண்ணி பட்ட பாடு. இரண்டு போரான் அப்படிச் சேர்ந்து நிற்காது, சேர்ந்தாலும் நிலைக்காது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்களாம்.

பிறகு ஜெர்மனியில் செய்து காட்டினார்கள். ஒவ்வொரு போரானும் கையில் இருக்கிற மூன்றையும் நடுவில் போட்டுவிட வேண்டும். அப்போது மூன்று பிணைப்பு கிடைக்கும். ஆனால் இரண்டு பேரும் வெறுங்கையோடு நிற்பார்கள். அதனால் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, தடித்த மூலக்கூறு இரண்டு வந்து ஆளுக்கு இரண்டு எலக்ட்ரான் கொடுத்துத் தோள் கொடுக்க வேண்டும். குணா இதை எனக்குச் சொன்னபோது நான் சொன்னேன்: "இது கல்யாணம்டா. வசதி இல்லாத பொண்ணு மாப்பிள்ளை, ரெண்டு பக்கமும் தாங்கிப் பிடிக்க ஒரு மாமா." அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, தன்னுடைய அறுபது பக்க அறிக்கை இவ்வளவுதான் என்று ஒப்புக்கொண்டான்.

இந்தச் சேர்க்கைக்குக் காற்று ஆகாது. ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டிக்குள் ஆர்கான் வாயுவை அடைத்து, பெட்டியில் பொருத்தியிருக்கும் முழங்கை வரைக்குமான ரப்பர் கையுறைக்குள் கையை விட்டு, வெளியே நின்றபடி உள்ளே வேலை செய்யவேண்டும். சரியாக வந்தால் கருஞ்சிவப்பாக ஒரு தூள் கிடைக்கும். காற்று பட்டால் வெளுத்துப்போகும். ஒரு தடவை அந்தச் சிவப்பைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டான். ஆம்பூர் சித்தி, "அரைச்சதா, கடையில வாங்குனதா?" என்று கேட்டிருந்தாள்.

3

போரான் என்ற சொல்லோடு எங்களுக்கு முதல் தகராறு வந்தது அபார்ட்மெண்டில்.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு ஒரே கவலைதான் உண்டு: தண்ணீர். காலையில் சந்தித்துக்கொண்டால் வணக்கம் சொல்வதில்லை. "போர் ஆன் ஆயித்தா?" என்று கேட்பார்கள். ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைப் போட்டாயிற்றா என்று. புதிதாகக் குடிவந்த குணாவை அசோசியேஷன் செக்ரட்டரி லிஃப்டில் பிடித்து, என்ன வேலை என்று கேட்டிருக்கிறார். இவன் "போரான்" என்றான். செக்ரட்டரியின் கண்ணில் நீர் கட்டிவிட்டது. போர் ஆன் செய்வதையே படித்துப் பட்டம் வாங்கிய ஒருவர் தன் அபார்ட்மெண்டுக்கே வந்திருக்கிறார் என்று அவர் நினைத்துவிட்டார்.

அந்த வாரமே பொதுக்குழுவில் கைதட்டி குணாவைத் தண்ணீர்க் கமிட்டிக்குத் தலைவராக்கினார்கள். இவனுக்குக் கன்னடம் அரைகுறை. தனக்கு ஏதோ பாராட்டு என்று எழுந்து கும்பிட்டுவிட்டான். அன்றிலிருந்து பதினோரு வருஷமாக எங்கள் பிளாக்குக்கு மோட்டார் போடுவது அவன்தான். செக்ரட்டரி அவனை எந்த இடத்தில் இருந்தாலும் போனில் பிடித்துவிடுவார். சர்வதேசக் கருத்தரங்கில் பேசிக்கொண்டிருந்தபோதுகூட மேசைமேல் வைத்திருந்த அவன் போனில் "போர் ஆன்?" என்று குறுஞ்செய்தி வந்தது. பக்கத்திலிருந்த ஜப்பான்காரர் அதைப் பார்த்துவிட்டு மரியாதையோடு தலையசைத்தாராம்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். அடுத்ததுதான் சிரிக்க முடியாதது.

4

குணாவுக்கு ஐந்து இடம் தட்டிப்போயிருந்தது. ஆறாவதாக வந்தது ஷோபா. அரசு உயர்நிலைப் பள்ளியில் கன்னட வழியில் அறிவியல் எடுக்கிற டீச்சர், முப்பத்து மூன்று வயது. பழைய பெங்களூர்த் தமிழ்க் குடும்பம். அவள் தாத்தா காலத்திலேயே அரசு வேலைக்கு வந்தவர்கள். அவள் அப்பா நாகராஜ் சார், ஓய்வுபெற்ற அரசு அதிகாரி. அவர் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார், இடையில் எங்கே எல்லை தாண்டினார் என்று தெரியாது.

அவர் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. மாப்பிள்ளை வெளிநாடு போகக்கூடாது. அவர் மூத்த மகன் கனடா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரு தடவைகூட வரவில்லை. "ஒப்பரு ஹோதரு, சாக்கு" என்று சொல்லியனுப்பினார். ஒருவர் போனார், போதும். இந்த முறை நான் கோணி கொண்டுபோகவில்லை. அர்த்தம் புரிந்தது, மனசுக்கும் ஒரு மாதிரி ஆயிற்று.

குணா எங்கேயும் போகப்போவதில்லை. ஆகவே கவலையில்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் பெண் பார்க்கக் கிளம்பினோம். அவர்கள் வீட்டு கேட்டைத் திறந்ததும் ஷோபாவே எதிரில் வந்தாள். குணா அவளைப் பார்த்தான். அவள் இவனைப் பார்த்தாள். அப்போது இவன் போன் அடித்தது. ஆய்வுக்கூடத்திலிருந்து. கண்ணாடிப் பெட்டியில் கசிவு. உள்ளே காற்று புகுகிறது.

"அக்கா, ஆக்சிஜன் ஏறுது, நான் போகணும்" என்று கத்திவிட்டு, வந்த ஆட்டோவிலேயே ஏறி ஓடிவிட்டான்.

ஷோபாவின் அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "யாருக்குங்க சீரியஸ்?" நான் யாருக்கும் இல்லை என்றேன். "அப்போ ஆக்சிஜன் ஏறினா ஒள்ளேதுதானே? எதுக்கு ஓடறாரு?" என்றார் நாகராஜ் சார். ஆக்சிஜன் ஏறினால் நல்லதுதான் என்று உலகமே நினைக்கிறது. அது கெடுதல் என்று நினைக்கிற ஒரே ஆளை நான் தம்பியாக வைத்திருக்கிறேன் என்பதை எப்படி விளக்குவது? கேசரியைத் தின்றுவிட்டு வந்தோம்.

அன்று அந்தச் சிவப்பு வெளுத்துப்போனது. குணா அதற்கு வருத்தப்படுவான் என்று பார்த்தேன். அவன் மறுநாள் தலைக்கு எண்ணெய் வைத்து வகிடு எடுத்து ஆய்வுக்கூடத்துக்குப் போனான். அங்கே அவனைப் பார்க்க கண்ணாடிப் பெட்டியைத் தவிர யாரும் இல்லை. "அவங்க டீச்சராக்கா?" என்று மூன்று நாளில் நாலு தடவை கேட்டான். ஐந்து இடம் தட்டிப்போனபோது அவன் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

5

நாகராஜ் சார் நல்ல மனிதர். இன்னொரு வாய்ப்பு கொடுக்கலாம் என்று குடியாத்தத்துக்கு என் அம்மாவையே கூப்பிட்டுப் பேசினார். அம்மாவோ இப்படி ஒரு போனுக்காகத் தயாராக இருந்தாள். பையன் என்ன வேலை என்று யார் கேட்டாலும் 'ஏதோ சயின்ஸ்' என்று சொல்லக்கூடாது என்று நான்தான் நிலாவை விட்டுப் பாடம் சொல்லிக்கொடுக்க வைத்திருந்தேன். மூன்று சாயங்காலம் நிலா போனில் "அஜ்ஜி, ஹேளு, போ-ரான்" என்று சொல்லிக்கொடுத்தாள்.

பேசி முடித்த கையோடு அம்மா என்னைக் கூப்பிட்டுப் பெருமையாக ஒப்பித்தாள். அதை அப்படியே தருகிறேன்.

"தம்பி என்ன கெலசம் பண்றாரு?"

"போரான்."

"எங்கேம்மா?"

"இன்னாங்க எங்கேன்றீங்க? பெங்களூர்லதான் போரான்."

"பெங்களூர்லேர்ந்தா?"

"ஆமாங்க. பதினோரு வருசமா போரான், போரான், போரான். வேற நெனப்பே இல்ல அவனுக்கு."

"அவ்ளோ வருஷமா ட்ரை பண்றாரா?"

"பின்ன? இப்பதான் கைகூடி வந்துகினு இருக்குது. ஜெர்மனில இது பெரிய விசயமாம்."

"ஜெர்மனியா?"

"ஜெர்மனிதாங்க. அதுவும் ஒத்த போரான் இல்ல. ரெண்டு போரான். ரெண்டும் சேர்ந்தாதான் விசேசம். சேர்ந்துட்டா நடுவுல மூணு கட்டு போட்ட மாதிரி இருக்குமாம்."

மறுமுனையில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டதாம்.

"இன்னொருத்தர் யாரும்மா?"

"அதுவும் போரான்தாங்க" என்றாளாம் அம்மா.

நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். இந்தச் சொல்லை வேறு யார் சொல்லியிருந்தாலும் தப்பித்திருப்போம். நான் சொன்னால், என் கணவர் சொன்னால், சம்பந்தி வீட்டில் மாப்பிள்ளையைப் பற்றிப் பேசும்போது 'போறாரு' என்றுதான் சொல்வோம். அவர்களிடமும் குணாவைப் 'போறான்' என்று சொல்ல உரிமையுள்ள ஒரே ஆள் அம்மா. அவர் கேட்டதும் அவளிடம்தான்.

மறுநாள் இடம் கொண்டுவந்த உறவினர் மூலம் செய்தி வந்தது. பையன் யாரோ ஒருத்தியோடு ஜெர்மனி போவதாகப் பெற்ற தாயே சொல்கிறார், நல்ல காரியம் பேசும்போது எட்டு தடவை போறான் போறான் என்கிறார், எங்களுக்கு வேண்டாம். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். நாங்கள் ஒரே ஓர் உண்மையைச் சொல்லிக் கெடுத்தோம்.

குணாவிடம் சொன்னதும் அவன் போய் மோட்டாரைப் போட்டான். தொட்டி நிரம்பி வழிந்து படிக்கட்டெல்லாம் தண்ணீர் ஓடியது. பதினோரு வருஷத்தில் அவன் மோட்டாரை அணைக்க மறந்தது அன்றுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

6

நான் விடவில்லை. நாகராஜ் சாருக்கு நானே போன் செய்து, குணா எங்கேயும் போகவில்லை, போரான் என்பது ஒரு தனிமம் என்றேன். "எழுத்து மூலமா கொடுப்பாங்களா?" என்றார். அரசு வேலையில் முப்பது வருஷம் இருந்தவர், அவரைக் குறை சொல்ல முடியாது.

குணா ஆய்வுக்கூட அலுவலகத்துக்குப் போனான். இந்த ஊழியர் வெளிநாடு போகவில்லை என்று ஒரு சான்றிதழ் வேண்டும் என்றான். அங்கே உட்கார்ந்திருந்தவர் மூன்று அலமாரி தேடினார். போவதற்குப் படிவம் இருக்கிறது. போய்விட்டு வந்தால் தருவதற்கு இருக்கிறது. போனவர் வராவிட்டால் அதற்கும் ஒரு நீலப் படிவம் இருக்கிறது. சும்மா இருப்பதற்குப் படிவம் இல்லை. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். போவதற்கான படிவத்தையே வாங்கி, போகும் நாடு என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தால் ஏதாவது ஒன்று முத்திரையோடு வரும்.

பத்தே நாளில் வந்தது. வந்ததை நான் படித்துப் பார்க்காதது என் தப்பு. முத்திரையையும் இரண்டு கையெழுத்தையும் பார்த்து மயங்கிவிட்டேன். குணாவைக் கூட்டிக்கொண்டு இரண்டாம் முறையாக அந்த வீட்டுக்குப் போனேன். நாகராஜ் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். மேற்படி ஊழியர் வெளிநாடு செல்வதில் இந்நிறுவனத்துக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. அவர் விரும்பும் காலம்வரை அங்கே தங்கலாம்.

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை. நாகராஜ் சார் காகிதத்தை நாலாக மடித்து என்னிடம் கொடுத்தார். கோபப்படவில்லை. "ஹோக்லி பிடுங்கம்மா" என்று மட்டும் சொன்னார், விட்டுவிடுங்கள் என்று. உள்ளே கதவோரத்தில் யாரோ சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. எனக்கு மானம் போயிற்று. குணா மட்டும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

7

நாலாம் நாள் ஷோபாவே எனக்குப் போன் செய்தாள். "அக்கா, அவர மத்தே ஒரு தடவ கூட்டிட்டு வாங்க. அந்தக் காம்பவுண்ட் என்னன்னு எனக்குத் தெரியணும். பசங்களுக்கு போரான் வெறும் ரெண்டு வரிதான் எடுக்கறேன்."

மூன்றாம் முறை போனோம். நிலாவும் வந்தாள், எனக்குக் கன்னடத்தில் துணையாக. நாகராஜ் சார் ஹாலில் பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்திருந்தார். "பந்த்ரா?" என்று பேப்பருக்குள்ளிருந்தே கேட்டார். வந்தீர்களா என்று, மரியாதையாகத்தான்.

ஷோபா மாதக் காலண்டரில் பழைய தாளைக் கிழித்துப் பின்பக்கத்தை குணாவிடம் நீட்டினாள். அவன் பேனா எடுத்து ஒரு போரான், பக்கத்தில் இன்னொரு போரான், நடுவில் மூன்று கோடு, இரண்டு பக்கமும் தடித்த மூலக்கூறு என்று வரைந்தான். மூன்று கோடும் கோணலாக வந்தன. கையுறை இல்லாமல் இந்த வேலை செய்து பழக்கமில்லை என்று சொன்னான். அவள் சிரித்தாள். கதவோரத்தில் கேட்ட அதே சிரிப்பு.

அப்போது குணாவின் போன் அடித்தது.

ஹாலில் நாகராஜ் சார் பேப்பரை இறக்கினார். எனக்குத் தெரியும், பெட்டிக்குள் அன்று புதுச் சிவப்பு இருந்தது, இத்தனை நாளும் ராத்திரியெல்லாம் விழித்துச் செய்தது. குணா போனைப் பார்க்கவே இல்லை. எடுத்து, படம் வரைந்த மேசையிலேயே கவிழ்த்து வைத்தான். அது அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுங்க. ஆக்சிஜன் ஏறப் போகுது" என்றாள் ஷோபா.

"ஏறட்டும்" என்றான் என் தம்பி.

அவள்தான் போனைத் திருப்பி, பச்சையை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். எங்கள் அசோசியேஷன் செக்ரட்டரி ஹால் முழுக்க ஒலித்தார். "குணா சார், போர் ஆன்?"

"ஆஃப் சார்" என்றான் குணா.

நிலா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். ஷோபா காலண்டர்த் தாளை எடுத்துக்கொண்டு போய் அப்பா முன்னால் விரித்தாள். "அப்பா, இதுதான் போரான். அவங்கம்மா சொன்னது இதத்தான். ரெண்டு இருக்கு பாருங்க. நடுவுல இருக்கற மூணு கோட்டுக்கு நம்ம புஸ்தகத்துல என்ன ஹெசரு சொல்லுங்க?"

அவர் பார்த்தார். "த்ரிபந்த" என்றார்.

இங்கே கன்னடம் தெரியாத என் பள்ளித் தோழிகளுக்காக ஒரு குறிப்பு. கன்னடத்தில் 'த்ரி' என்றால் மூன்று, பிணைப்புக்கு 'பந்த' என்று பெயர். 'வந்தான்' என்பதற்கும் 'பந்த' என்றுதான் பெயர். எழுத்தில் கீழே ஒரு சின்னக் கோடு வித்தியாசம், வாயில் ஒரு மூச்சு வித்தியாசம். நம் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். நாகராஜ் சார் வீட்டுக் காதும் மூன்று தலைமுறை ஆனாலும் தமிழ்க் காதுதான்.

அவர் "த்ரிபந்த, த்ரிபந்த" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு விரலை மடக்க ஆரம்பித்தார். "அந்த ஞாயித்துக்கிழம பந்த. ஓடி ஹோத. மத்தே சர்டிபிகேட்டு எடுத்துகிட்டு பந்த. இன்னைக்கு பந்த." மூன்று விரலையும் எங்களிடம் காட்டினார். "மூரு சல பந்த. என் மகன் ஒன்பது வருஷமா ஒரு சல பர்லில்ல" என்றார், இவன் மூன்று தடவை வந்தான், மகன் ஒரு தடவைகூட வரவில்லை என்று.

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஷோபாவின் அம்மா மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி போட உள்ளே போனார். நிலா என் காதில், "மம்மி, நோட் பண்ணியா? உள்ள வரப்ப பந்த்ரான்னாரு. இப்ப பந்தன்றாரு. மாமாவ மனே மகனா ஆக்கிட்டாரு" என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை. வெளியாரை 'பந்த்ரு' என்பார்கள், வீட்டுப் பிள்ளையைத்தான் 'பந்த' என்பார்கள். அம்மா 'போறான்' என்று சொன்ன அதே உரிமையில் இவர் 'வந்தான்' என்று சொல்லிவிட்டார். தமிழே வராதென்று நான் தினமும் திட்டுகிற பெண்ணுக்குத்தான் அது காதில் விழுந்தது.

கேட்டில் விடைபெறும்போது குணா வாயைத் திறந்தான். நான் அவன் காலை மிதித்தேன். "போயிட்டு வரேன் சார்" என்று முழுசாகச் சொன்னான்.

8

கல்யாணம் குடியாத்தத்தில். பத்திரிகை அங்கேயே அச்சடித்தார்கள். இவ்வளவு கூத்துக்குப் பிறகு பிள்ளையின் படிப்புக்குக் கீழே 'போரான் ஆராய்ச்சி' என்று ஒரு வரி போட்டே ஆகவேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள். இனி ஒருத்தரும் எங்கே போறான் என்று கேட்கக்கூடாதாம். எழுதிக்கொடுத்ததில் எழுத்துப் பிழை இல்லை. ஆனால் அச்சகத்துக்காரர் தமிழ் தெரிந்தவர். 'போரான்' என்று ஒரு சொல் கிடையாதே என்று அவரே ரகரத்தைத் திருத்திவிட்டார்.

எங்கள் வீட்டுப் பத்திரிகை நேற்றுத் தபாலில் வந்தது. மணமகன் குணசேகரன், எம்.எஸ்சி., பிஎச்.டி. அதற்குக் கீழே, தங்க எழுத்தில், 'போறான் ஆராய்ச்சி.'

மறுபடி அச்சடிக்க நேரம் இல்லை. அம்மா நீல பால்பேனா எடுத்துக்கொண்டு, அத்தனை பத்திரிகையிலும் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் 'வருவான்' என்று கையால் எழுதியிருக்கிறாள். நாகராஜ் சார் தன்னுடையதைக் கண்ணாடி போட்டு மாட்டப்போவதாக ஷோபா சொன்னாள்.

நான் சிரித்து முடித்துவிட்டு, கீழே வரவேற்போர் வரிசையில் எங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். வசந்தா சுந்தரம், பெங்களூர். அதற்குப் பக்கத்தில் அதே நீலப் பேனாவால், கொஞ்சம் சின்ன எழுத்தில், 'இவளும்' என்று எழுதியிருந்தது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்து மூன்று வருஷம் ஆயிற்று. பிறகு போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டேன்.

"இன்னாடி?" என்றாள்.

"வரேம்மா" என்றேன்.

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. பிறகு அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"எப்ப போற?" என்றாள்.